பாண்டித்துரை வாய் திறந்த திங்கட்கிழமை

பாண்டித்துரை எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது மிக்ஸி ரிப்பேர் பார்க்க. சார்ஜா முவைலாவில் ஒரு வில்லாவின் கீழ்ப்பகுதியில் அப்போது குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஸ்ரீனிவாசன், கிரேனும் கம்ப்ரஸரும் வாடகைக்கு விடும் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். ஏதோ சைட்டில் இவர்கள் கம்ப்ரஸர் நின்றுபோய், மெக்கானிக் வருவதற்குள் அங்கே பலகை தூக்கிக்கொண்டிருந்த ஒருத்தன் வந்து, காதை வைத்துக் கேட்டு, ஒரு ஸ்க்ரூவைத் திருகி ஓட வைத்துவிட்டானாம். "தமிழ்ப் பையன்டி, கமுதிக்காரன்" என்று அடுத்த வெள்ளிக்கிழமையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பையன் என்றால் முப்பது வயசு. மாரியம்மாள் என்று ஊரில் ஒரு மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். கமுதியில் பம்புசெட் பட்டறையில் பத்து வருஷம் வேலை பார்த்தவன். மெக்கானிக் விசா என்று ஏஜெண்ட் சொல்லித்தான் ஏறி வந்திருக்கிறான். விசாவில் ஹெல்ப்பர் என்று இருந்தது. அரபியில் அடித்திருந்ததால் இங்கே இறங்கி யாரோ வாசித்துச் சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரியும். அன்றிலிருந்து கட்டட சைட்டில் பலகை அடிக்கிற கூட்டத்தில் ஒருத்தன். ஸ்பேனர் பிடித்த கையில் ஆணிப் பை.

வெள்ளிக்கிழமை லீவில் மட்டும் அவன் மெக்கானிக். எங்கள் தெருவிலிருக்கிற தமிழ்க் குடும்பங்களில் ஃபேன், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் அவன் கைதான். சாப்பாடு எங்கள் வீட்டில். நான் சும்மா போடுகிறவள் இல்லை, பேசிக்கொண்டேதான் போடுவேன்.

"சட்டையில பட்டன் இருக்கா பாரு. மாரியம்மா வந்து தச்சுத் தரணுமா?"

"அக்கா, உங்க வாய்க்கு ஒரு சைலன்சர் மாட்டணும்க்கா."

"மாட்டு. குழம்பு எவ ஊத்துறான்னு பாப்போம்."

இப்படித்தான் இருந்தோம். நான் திட்டுவேன், அவன் சிரிப்பான். அதனால் எனக்கு ஒரு தைரியம், இவனை எதுவும் சொல்லலாம், இவனுக்கு வலிக்காது என்று.

எங்கள் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் செகண்ட் ஹாண்டில் வாங்கியிருந்தோம். குளிர்காலத்தில் பாலைவனத்துக்குப் போய் பொங்கல் வைப்பது, பிக்னிக் போவது எல்லாம் அதை நம்பித்தான். மைக்குக்கும் மிக்ஸிக்கும் மணலில் யார் கரண்ட் தருவார்? வெயில் தொடங்கினால் அதை ஆறேழு மாதம் யாரும் தொட மாட்டார்கள். ஸ்டோர்கீப்பர் வீடு என்பதால் அது எங்கள் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் தூங்கும்.

2008 ஏப்ரலில் பாண்டித்துரை வந்து அதை எடுத்துவைத்தான். டேங்கில் இருந்த பெட்ரோலை வடித்தான். மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு, தானாக நின்றதும் துடைத்தான். காற்று போகிற வழியில் நுரைப் பஞ்சு மாதிரி ஒரு ஃபில்டர் இருக்கிறது, அதைப் புதிதாக மாட்டினான். ஒரு சின்ன பாட்டிலில் இன்ஜின் ஆயிலும் வைத்துவிட்டுப் போனான்.

"எதையும் தொடாதீங்கக்கா. நவம்பர்ல நானே வந்து பாத்து எடுத்துத் தாரேன்."

தொடாமல் இருக்கிற கை எனக்கு இல்லை. ஆகஸ்டில் அந்த அறையைக் கழுவினேன். இன்ஜின் ஆயில் பாட்டில் கசிந்து, அரிசி மூட்டையின் அடியில் கறுப்பாக ஒரு வட்டம். பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அதே எரிச்சலில் ஜெனரேட்டர் பக்கம் திரும்பினால், அதன் பக்கவாட்டு மூடியிலும் எண்ணெய்ப் பிசுக்கு. மூடியைக் கழற்றினேன். உள்ளே அந்த நுரைப் பஞ்சு, எண்ணெயில் நனைந்து கறுத்துக் கிடந்தது. இதென்ன அசிங்கம் என்று பாத்திரம் விளக்குகிற சோப்புப் போட்டு நன்றாகக் கசக்கி, கொடியில் காயப்போட்டேன். காய்ந்ததும்தான் யோசித்தேன், எண்ணெய் இருந்தது என்றால் எண்ணெய் வேண்டும் போல என்று. பாட்டிலோ குப்பையில். என் தையல் மிஷினுக்கு இருபது வருஷமாகத் தேங்காய் எண்ணெய்தான், ஒரு குறையும் வந்ததில்லை. பிள்ளைக்குத் தலைக்கு வைக்கிற மாதிரி தாராளமாக ஊற்றிப் பிசைந்து, திரும்ப மாட்டி, மூடியைப் பளபளவென்று துடைத்து வைத்தேன். மறந்தும் போனேன்.

நவம்பரில் பாண்டித்துரையால் வர முடியவில்லை. ருவைஸ் பக்கம், ரொம்ப தூரத்தில் ஒரு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜனவரியில் திரும்பி வந்தபோது நிலைமை மாறியிருந்தது. எங்கே பார்த்தாலும் கட்டடங்கள் பாதியில் நின்றன. அவன் கம்பெனியில் ஆள் ஆளாக விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவன் பெயரும் லிஸ்டில் வந்துவிட்டது. பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் அந்த வாரமே டிக்கெட்.

என் வீட்டுக்காரர் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சின்ன இன்ஜின்கள் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஃபோர்மேன் கௌஸ் முகம்மது, கீழக்கரைக்காரர், முப்பது வருஷ சர்வீஸ். அவர் சரி என்று சொன்னால் மேனேஜர் விசாவை மாற்றிக்கொள்வார். இவர் போய்ப் பேசினார்.

"பேப்பரப் பாத்து ஆள் எடுக்க மாட்டேன் சீனி. கையப் பாக்கணும்" என்றாராம் அவர்.

"அப்ப வெள்ளிக்கிழமை எங்க பொங்கலுக்கு வாங்க பாய். ஜெனரேட்டர் அவன்தான் ஓட்டுவான். பாத்துக்கிறுங்க."

வியாழக்கிழமை மத்தியானம் பாண்டித்துரை போன் செய்தான்.

"அக்கா, சாயங்காலம் வந்து மிஷினை ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்துரட்டுமா? ஒம்பது மாசம் சும்மா கெடந்துச்சு."

"வேணாம், வேணாம். வீடு பூரா துடைச்சு வச்சிருக்கேன். நீ புகையக் கிளப்புவ, பக்கத்து வில்லா அரபி கத்துவான். அதெல்லாம் ஓடும். காலையில நேரா வந்து சேரு."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மதாம் ரோட்டில் உள்ளே திரும்பி ஒரு மணல்மேடு. நல்ல குளிர், வாயைத் திறந்தால் புகை வந்தது. பத்துப் பன்னிரண்டு குடும்பம். கௌஸ் பாய் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, மடக்கு நாற்காலியைச் சரியாக ஜெனரேட்டருக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார். பாண்டித்துரை இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். எல்லாப் பட்டனும் இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.

வழியில் பங்கில் வாங்கிய புது பெட்ரோலை ஊற்றினான். டேப்பைத் திறந்தான். சோக்கை இழுத்தான். கயிற்றைப் பிடித்து இழுத்தான். ஒன்றும் இல்லை. இழுத்தான், இழுத்தான், நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை வந்தது. ஒரு தடவை மட்டும் டொக் டொக் என்று இருமி, கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு நின்றது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, இரும்பில் ஒட்டி வைத்துக் கயிற்றை இழுத்தான். நீலமாகப் பொறி வந்தது. திரும்ப மாட்டினான், இழுத்தான். இல்லை. கார்புரேட்டரின் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் திறந்து ஒரு டம்ளரில் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான். சுத்தமாகத்தான் இருந்தது.

கௌஸ் பாய் டீயைக் குடித்துக்கொண்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம் ஆனது. பொங்கல் பானை கொதிக்கிறது, சட்னிக்குத் தேங்காய் அப்படியே கிடக்கிறது, பிள்ளைகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மாடிவீட்டு பானுமதிக்கு இதுதான் சமயம்.

"என்ன சந்திரகலா, உங்க இன்ஜினியரு இன்னும் பூஜைய முடிக்கலையா? அம்மிக்கல்லத் தூக்கிட்டு வந்திருக்கலாம் போல."

எல்லோரும் சிரித்தார்கள். மிஷின் என் வீட்டில் இருந்த மிஷின். எனக்குச் சுருக்கென்றது. எவள் சிரிக்கிறாளோ அவளிடம் பதில் சொல்லத் தெரியாமல் அவன் மேல் பாய்ந்தேன்.

"ஏப்பா பாண்டித்துரை, ஏப்ரல்ல நல்லா ஓடுன மிஷின். நீதான கடைசியா கழட்டி மாட்டுன? உள்ள இருந்த நல்ல சாமானை உருவிட்டுப் பழச மாட்டிட்டியா?"

சிரிப்பு நின்றது. அவன் குனிந்தபடியே இருந்தான். என் வீட்டுக்காரர், "ஏய், என்ன பேசுற?" என்றார். நான் நிறுத்தவில்லை.

"பின்ன என்ன? வேற யாரு கை வச்சா? பூட்டின ரூம்ல பேய் வந்து கழட்டுச்சா?"

பாண்டித்துரை நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. மிஷினிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"பெட்ரோல் வருது. நெருப்பு வருது. அப்ப காத்துதான் வரல."

காற்று என்றதும் நான் கழுவி மாட்டிய பஞ்சு நினைவுக்கு வந்தது. அன்று காலையில்தான் மகள் தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைச் சுடுதண்ணீரில் போட்டு உருக்கியிருந்தேன். டிசம்பரிலிருந்தே உறைந்து கட்டியாக நின்ற பாட்டில்.

ஃபில்டர் தானே புதிதாக மாட்டியது என்பதால் அவன் அந்த மூடியைக் கடைசியாகத்தான் திறந்தான். உள்ளே ஃபில்டர் வெள்ளையாக, மெழுகு ஊற்றிய மாதிரி உறைந்திருந்தது. விரலால் தொட்டான். மூக்கில் வைத்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் பொங்கலைக் கிண்டினேன். கிண்டத் தேவையே இல்லை, அடுப்பை அணைத்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

ஃபில்டரை எடுத்துவிட்டு ஒரே இழுப்பு. மிஷின் கத்திக்கொண்டு ஓடியது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கௌஸ் பாய் எழுந்து வந்து அந்தப் பஞ்சை வாங்கி முகர்ந்தார்.

"தேங்காண்ணெ! எந்த ஊரு மெக்கானிக்குய்யா ஏர் ஃபில்டருக்குத் தேங்காண்ணெ போடுறவன்? நீயா போட்ட?"

அவன் குனிந்து ஸ்பேனரைத் துடைத்தான்.

"கேக்குறேன்ல? என்ன ஆச்சு மிஷினுக்கு, சொல்லு."

"ஓடிருச்சுல்ல பாய்" என்றான். அவ்வளவுதான்.

பானுமதி, "கமுதியில மிஷினுக்கெல்லாம் எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுவாங்க போல" என்றாள். மறுபடியும் சிரிப்பு. பஞ்சை மணலில் போட்டுவிட்டு கௌஸ் பாய் என் வீட்டுக்காரரைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த இவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். 'நான்தான் பாய் போட்டேன்' என்றால் மூன்றே வார்த்தை. ஊரிலுள்ளவர்களை எல்லாம் பேசுகிற வாய் எனக்கு. அன்றைக்குத் திறக்கவில்லை. பானுமதி முன்னால் திறக்கவில்லை என்பதுதான் உண்மை. ஒருத்தன் பிழைப்பை விட அவள் சிரிப்பு எனக்குப் பெரிதாக இருந்தது.

பாண்டித்துரைக்கு இலையில் பொங்கல் வைத்தேன். "பசிக்கலக்கா" என்று சொல்லிவிட்டு மிஷின் பக்கத்திலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை முழுவதும் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஃபில்டருக்கு என்ன எண்ணெய் என்று அவன் சொல்லாதது தப்பு. பாட்டிலைச் சரியாக மூடாதது தப்பு. எத்தனை சொன்னாலும், அந்த ஒரு கணம் திரும்பிப் பார்த்த முகம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்த இவர், "நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறான் பாவம். வியாழக்கிழமை பிளைட்" என்றார். நான் சாதத்தை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

இவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன். இவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"கெளம்பு."

"எங்க?"

"ஒர்க்‌ஷாப்புக்கு. நீயே சொல்லு. நான் சொன்னா, பாண்டிக்காகப் பொய் சொல்றேம்பாரு."

ஒர்க்‌ஷாப் பக்கம் பொம்பளைகள் போவதில்லை. கிரீஸ் படிந்த தரையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஐம்பது ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கௌஸ் பாய் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"அடுப்படி வாசம் எனக்குத் தெரியாதா? எம்பொண்டாட்டி அஸ்மத் பீவி தொடாத மிஷினா? பாத்த உடனே தெரியும், இது மெக்கானிக்கு வேலயில்ல."

"அப்புறம் ஏன் பாய் வேணாம்னுட்டீங்க?"

"நான் கேட்டேன்ல, என்ன ஆச்சுன்னு? அவனுக்குத் தெரியும், சொல்லல. உங்க மானத்துக்காவ மறைச்சான். நல்ல மனுசன்தான். ஆனா இங்க கிரேன் வருதும்மா. டிரைவரு சினேகிதன், அவனக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பிரேக்குப் பழுத மறைச்சான்னா, கீழ நிக்கிறவன் செத்துப் போவான். பழுதச் சொல்லாத மெக்கானிக்கு எனக்கு வேணாம்."

நான் ஃபில்டரைக் கெடுத்ததுகூட அவன் வேலையைக் கெடுக்கவில்லை. என்னைக் காப்பாற்றியதுதான் கெடுத்திருக்கிறது.

"அவன் வந்து சொன்னா?"

"அவன் வாயால, என் முன்னால சொல்லட்டும். பாப்போம்."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு போன் செய்தேன். கேம்ப் பஸ்ஸில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தான். "இன்னைக்குக் கையெழுத்துக்கா" என்றான், சாதாரணமாக, கடைக்குப் போகிறேன் என்கிற மாதிரி.

"போடாத. முவைலா சிக்னல்ல இறங்கு. அண்ணன் வண்டியில வர்றோம்."

"எதுக்குக்கா?"

"இறங்குடா, சொல்றேன்."

வண்டியில் ஏறியதும் கௌஸ் பாய் சொன்னதைச் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் எதுக்குக்கா இப்ப" என்றான். மன்னிப்புக் கேட்கிற இடம் அதுதான். நான் கேட்கவில்லை. "போய் ஒழுங்காப் பேசு" என்று புத்தி சொன்னேன். என் வாய் அப்படித்தான் போகிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஏழெட்டு மெக்கானிக்குகள் நின்றார்கள். கௌஸ் பாய் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வெள்ளிக்கிழமை மிஷினுக்கு என்ன கோளாறு?"

"ஏர் ஃபில்டர் அடைச்சிருச்சு பாய்."

"எப்படி அடைச்சுச்சு?"

"நான் குடுக்கையில வெவரமாச் சொல்லிக் குடுத்துருக்கணும். என் தப்புதான்."

"பாத்தியா சீனி, இன்னும் மறைக்கிறான்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு கௌஸ் பாய் திரும்பி நடக்கத் தொடங்கினார். எனக்குத் தாங்கவில்லை.

"சொல்லுடா! உன் வயித்துப் பாடுடா அது. நான் நிக்கிறேன்னு பாக்காத. நடந்தது எல்லாத்தையும் சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை ஒரு கணம் இல்லை, நேராக, நீண்ட நேரம். பிறகு பாயின் பக்கம் திரும்பினான்.

"அக்காதான் செஞ்சாங்க. தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனேன், தொட்டாங்க. ஃபில்டரக் கழுவித் தேங்காண்ணெ ஊத்தியிருக்காங்க. வெயில்ல உருகிக் கெடந்தது குளிருல உறைஞ்சு போச்சு. முந்துன நாள் ஓட்டிப் பாக்குறேன்னேன், வீட்டுக்கு வராதன்னாங்க. ஓடலன்னதும் சாமானத் திருடிட்டேன்னு அம்புட்டுப் பேரு முன்னால சொன்னாங்க. எண்ணெயப் பாத்ததும் அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் பொங்கலக் கிண்டிக்கிட்டு நின்னாங்க. அஞ்சு வருசமா அந்த வீட்டுல சோறு தின்னுருக்கேன் பாய். அதான் சொல்லல. இப்பச் சொல்லிட்டேன்."

சத்தமே போடவில்லை அவன். பிளக், பெட்ரோல், டேப் என்று வரிசையாகச் சோதிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். எதுவும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எல்லாத்தையும் சொல்லு என்று நான்தான் கேட்டேன். எல்லாம் என்றால் இவ்வளவு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பொங்கலைக் கிண்டியதை அவன் பார்த்திருக்கிறான். அதை யாரும் பார்க்கவில்லை என்று மூன்று நாளாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக்குகளில் தமிழ் தெரிந்த ஒருத்தர் மேலே கூரையைப் பார்த்தார். தெரியாதவர்கள் என்னைப் பார்த்தார்கள். மொழி புரியாவிட்டாலும் விஷயம் யாரைப் பற்றி என்பது புரிந்திருக்கும்.

"ம்" என்றார் கௌஸ் பாய். "ஆபீஸுக்குப் போன் போட்டு இன்னைக்குக் கையெழுத்து இல்லன்னு சொல்லு. பாஸ்போர்ட் காப்பி இருக்கா? நான் மேனேஜரப் பாக்குறேன்."

விசா மாறியது. அதற்குப் பிறகு அவன் அந்த ஒர்க்‌ஷாப்பில் ஹெல்ப்பர் இல்லை, மெக்கானிக். பழுது என்ன, யாரால் என்று அரபி முதலாளி முன்னாலும் சொல்கிற ஆள் என்று இவர் வந்து சொல்வார். பானுமதியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள், சிரிக்கட்டும் என்று நின்றேன்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப் வாசலில் இவர், "ஏறுடா, கேம்ப்ல விடுறேன்" என்றபோது பாண்டித்துரை, "இல்லண்ணே, பஸ்ல போயிக்கிறேன்" என்றான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன். அவன் முகத்தில் கோபம் இல்லை. கணக்கு முடிந்த கடைக்காரர் மாதிரி இருந்தது.

வண்டி நகர்ந்தது. மன்னிச்சிரு என்கிற வார்த்தை வாய்க்குள்ளேயே இருந்தது. கண்ணாடியை இறக்கினால் போதும், கேட்கிற தூரம்தான். அந்தக் குளிரிலும் நான் ஏசியைக் கூட்டி வைத்தேன்.